யானையும் சிவப்பு விளக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலை என்னும் நீண்ட மதிலுக்குப் பாலக்காட்டில் ஒரு வாயில் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து கேரளத்துக்குச் சாலையும் ரயிலும் காற்றும் செல்வது இவ்வாயில் வழியேதான். இதற்குத் தெற்கே, பெயரிலேயே யானையைத் தாங்கிய ஆனைமலை எழுகிறது. அதன் மேற்கே பாலக்காடு மாவட்டத்தின் பறம்பிக்குளம். நடுவே தமிழ்நாட்டின் வால்பாறை. தென்கிழக்கே இடுக்கி மாவட்டத்தின் இரவிகுளமும் மூணாறும் சின்னக்கானலும். வரைபடத்தில் இவற்றுக்கிடையே மாநில எல்லைக்கோடு ஓடுகிறது. ஆயினும் பறம்பிக்குளத்துக்குச் சாலை வழியே செல்ல விரும்பும் பாலக்காட்டு மக்கள்கூடத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்சிலிப் எனச் சுற்றியே செல்லவேண்டும். மனிதருக்கே இவ்வாறு பின்னிக்கிடக்கும் எல்லையை யானை எவ்வாறு அறியும்?

இம்மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்கள் லயன் வீடுகளில் குடியேறின. பல தலைமுறைகள் கடந்தபின்னும் மூணாற்றின் தோட்டங்களில் தமிழே வீட்டுமொழி. காடு வெட்டப்பட்டுத் தேயிலையானபோது, எஞ்சிய சோலைகள் பச்சைக் கடலில் தீவுகள்போல் நின்றன. ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் யானைக் கூட்டம் தேயிலை வழியாகத்தான் நடக்கவேண்டும். அதே வழியில்தான் தொழிலாளரும் வேலைக்குப் போகின்றனர். கடையிலிருந்து அரிசி வாங்கித் திரும்புகின்றனர். பனியும் இருளும் சூழ்ந்த நேரத்தில் இவ்விருவரும் எதிர்ப்படுவதே இம்மலைகளின் பெருந்துயரம்.

அத்துயரத்துக்கு ஒரு விடையை வால்பாறை கண்டது. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மேட்டு நிலத்தில் 1994 முதல் இருபது ஆண்டுகளில் நாற்பது பேர் அளவில் யானைகளால் உயிரிழந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் யானையை எதிர்க்கச் சென்றவர் அல்லர். யானை அங்கே நிற்பதை அறியாமல் அதன் அருகே சென்றுவிட்டவர். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எம். ஆனந்தகுமாரும் அவர்தம் குழுவினரும் பல ஆண்டுகள் யானைகளைப் பின்தொடர்ந்து கண்ட உண்மை இது. இவ்வுண்மை தெளிந்தவுடன் கேள்வியே மாறிவிட்டது. 'யானையை எவ்வாறு விரட்டுவது?' என்பது போய், 'யானை நிற்பதை எவ்வாறு அறிவிப்பது?' என்பது வந்தது.

விடை எளியது. மாலையில் யானைகள் எங்கே உள்ளன என்பதைக் குழுவினர் கண்டறிவர். அச்செய்தி 2006 முதல் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் எழுத்தாக ஓடியது. 2011 முதல் அருகிலுள்ளோரின் அலைபேசிகளுக்குக் குறுஞ்செய்தியாகச் சென்றது. இவற்றோடு, பலரும் காணக்கூடிய உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளும் நிறுவப்பட்டன. விளக்கினுள் ஒரு சிம் அட்டை இருக்கும். பதிவுசெய்யப்பட்ட எண்ணிலிருந்து அழைத்தால் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் அப்பகுதியில் யானை உள்ளது என்று பொருள். இப்பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ஆம் ஆண்டு லண்டனில் விட்லி விருது வழங்கப்பட்டது. விருதைவிடப் பெரிய செய்தி, வால்பாறையில் யானைகளால் நேரும் உயிரிழப்பு குறைந்ததே ஆகும்.

செயற்கைக்கோளும் செயற்கை நுண்ணறிவும் பேசப்படும் காலத்தில் ஒரு விளக்கைப் பெரிதாகப் புகழ்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் அவ்விளக்கின் சிறப்பை எண்ணிப் பார்க்கவேண்டும். அலைபேசி இல்லாதவர்க்கும் அது தெரியும். எழுத்தறியாத பாட்டிக்கும் புரியும். தமிழ் அறியாமல் வடமாநிலத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவரையும் அது எச்சரிக்கும். மேலும், காலப்போக்கில் அவ்விளக்கைப் பெரும்பாலும் ஊர்மக்களே ஏற்றத் தொடங்கினர். தம் வீட்டுப் பின்புறம் யானையைக் கண்டவர், தம் வீட்டைக் காப்பதோடு நில்லாமல், எதிர்மேட்டில் நடந்துவரும் முகமறியாதவரையும் நினைத்து அலைபேசியை எடுக்கிறார். பொய்யாக ஒருமுறை ஏற்றினாலும் மறுமுறை எவரும் நம்பமாட்டார் என்பதையும் அவர் அறிவார்.

பழந்தமிழ் நூல்கள் காட்டும் குறிஞ்சி நிலத்தில், தினைப்புனம் காப்போர் பரண் மீதிருந்து கவண்கல் எறிந்தனர். தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் ஒலியெழுப்பினர். அவையும் அக்காலத்துத் தொழில்நுட்பமே. ஆனால் அவை யாவும் விலங்கையும் பறவையையும் நோக்கியவை. வால்பாறையின் விளக்கோ மனிதனை நோக்கியது. 'நீ சற்று நில். அது போகட்டும்' என்று அது மனிதனிடம் சொல்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென வரும் எந்தக் கருவியையும் இவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதே முறையாகும்.

வாளையாறு ரயில்பாதையை அவ்வாறு பார்க்கலாம். கோயம்புத்தூர் மதுக்கரைக்கும் பாலக்காட்டு வாளையாறுக்கும் இடையே இரண்டு தடங்கள் காட்டினூடே செல்கின்றன. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரைக்கு அருகே மங்களூரு–சென்னை விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. ரயிலோட்டுநர் யானையைக் கண்டபின் நிறுத்த முயன்றாலும், அத்துணை எடையுள்ள வண்டி நெடுந்தொலைவு ஓடியே நிற்கும். எனவே அவர் கண்ணுக்கு எட்டுமுன் செய்தி அவருக்கு எட்டவேண்டும். தமிழ்நாடு வனத்துறை இதற்கென 7.24 கோடி ரூபாய்ச் செலவில் ஓர் அமைப்பை நிறுவி, 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஏழு கிலோமீட்டர் நீளத்தில் 12 கோபுரங்கள். அவற்றில் 24 வெப்பக் கேமராக்கள். உடலின் வெப்பத்தைக் காண்பவையாதலால் இருளும் அவற்றுக்குத் தடையன்று. யானையின் உருவத்தைக் கண்டுகொள்ளக் கணினிக்குப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. யானை தண்டவாளத்தை நெருங்க நெருங்க எச்சரிக்கையின் நிறம் மாறுகிறது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி ரயில்வேக்குச் செல்ல, ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். இங்கும் கருவி மாற்றுவது மனிதனின் நடையைத்தான். யானை தன் போக்கில் தடத்தைக் கடக்கிறது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் குடும்பங்கள் பல உறங்கியபடியே இவ்விடத்தைக் கடக்கின்றன. வண்டி ஊர்வதைக் கண்டு விழித்திருப்போர் சிலர் முணுமுணுப்பதும் உண்டு. அம்முணுமுணுப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் தண்டவாளம் வாளையாற்றோடு முடிவதில்லை. மாநில எல்லையைத் தாண்டி, கஞ்சிக்கோடு, கொட்டேக்காடு வழியே பாலக்காட்டை அடைகிறது. அக்கேரளப் பகுதியில், கொட்டேக்காட்டுக்கு அருகே, 2024 மே மாதத்தில் ரயில் மோதி ஒரு பெண்யானை இறந்தது. தமிழ்நாட்டுக் கேமராக்கள் இயங்கத் தொடங்கி மூன்று மாதங்களே ஆகியிருந்தன. தடம் ஒன்று, காடு ஒன்று, யானைக்கூட்டமும் ஒன்று. கண்கள் மட்டும் எல்லைக்கோட்டில் நின்றுவிட்டன. தண்டவாளத்தை ஒட்டிப் புதைத்த ஒளியிழைக் கம்பியைக் கொண்டு யானையின் காலடி அதிர்வை உணரும் முறையை ரயில்வே வடகிழக்கு மாநிலங்களில் முதலில் கையாண்டது. பின்னர்ப் பாலக்காட்டுப் பகுதிக்கும் கொண்டுவர முனைந்தது. இரு மாநிலமும் ரயில்வேயும் ஒரே திரையைப் பார்க்கும் நாள் வரும்வரை, இவ்வழியில் பாதுகாப்பு பாதியளவே.

இடுக்கியின் கதை இதனினும் கடினமானது. சின்னக்கானலில் ஓர் ஆண்யானை ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றது. மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. 'கொம்பன்' என்பது தமிழுக்கும் உரிய சொல். அரிக்கொம்பன் என்ற பெயர் அவ்வாறு வந்தது. அங்கு வாழ்வோரின் அச்சம் பொய்யன்று. 2000-களின் தொடக்கத்தில் 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு, யானைகள் நடமாடும் இடத்திலேயே அரசு நிலம் வழங்கியது. அவர்களுள் பலர் அஞ்சி வெளியேறினர். தவறு யானையுடையதும் அன்று, அக்குடும்பங்களுடையதும் அன்று.

2023 ஏப்ரல் 29 அன்று நான்கு கும்கிகளின் துணையோடு அரிக்கொம்பன் பிடிக்கப்பட்டது. கழுத்தில் ரேடியோ காலர் பூட்டப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. செயற்கைக்கோள் வழியே அதன் இருப்பிடம் அலுவலர்களின் திரையில் தோன்றியது. அது மேகமலைப் பக்கம் சென்றது, திரும்பியது. மே 27 காலை கம்பம் நகரத் தெருவில் நின்றது. மக்கள் ஓடினர், காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை அதை மீண்டும் பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக் காட்டில் விட்டது. யானை எங்கே உள்ளது என்பதைக் காலர் சொன்னது. அது ஏன் நடக்கிறது, எங்கே போக விரும்புகிறது என்பதைச் சொல்ல அதற்கு வாயில்லை. கம்பத்துத் தெருவில் காலையில் கதவைத் திறந்தவருக்கோ ஒரு சிவப்பு விளக்கும் இல்லை. காலர் தேவையற்றது என்பது இதன் பொருளன்று. பிறந்து வளர்ந்த இடத்திலிருந்து ஒரு விலங்கைப் பெயர்த்த முடிவை, காலர் உண்டு என்னும் நம்பிக்கை எளிதாக்கிவிட்டது என்பதே வருந்தத்தக்கது.

கருவி தவறான திசையில் திரும்புவதும் உண்டு. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தைப் பற்றி 2024-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஓர் ஆய்வு, விலங்குகளுக்கென வைத்த கேமராக்களும் டிரோன்களும் காட்டில் விறகு பொறுக்கும் பெண்களைக் கண்காணிக்கப் பயன்பட்டதைக் கூறுகிறது. அப்பெண்கள் காட்டில் உரக்கப் பாடிக்கொண்டே வேலை செய்வர். பாட்டொலி கேட்டு விலங்குகள் விலகிப்போகும். கேமராவுக்கு அஞ்சி அவர்கள் பாடுவதைக் குறைத்தனர். பாதுகாப்புக்கென வந்த கண், அவர்களிடமிருந்த பழைய பாதுகாப்பைப் பறித்துவிட்டது.

எனவே இம்மலைகளில் ஒரு புதிய கருவிக்குப் பணம் ஒதுக்கப்படும்போதெல்லாம், அதன் விலையைக் கேட்குமுன், அது பேசப்போவது யாரிடம் என்று கேட்பது நன்று. தலைநகரிலுள்ள திரையிடம் மட்டும் பேசினால் அது ஆய்வுக்குப் பயன்படும். பெரட்டுக்களத்துக்குப் புறப்படும் கொழுந்து பறிப்பவரிடமும், ரயிலோட்டுநரிடமும், எல்லைக்கு அப்பால் உள்ள வனக்காவலரிடமும் அவரவர் மொழியில் பேசினால்தான் அது உயிர் காக்கும். யானைகள் நடக்கும் வழியில் புதிய கட்டடம் எழுப்ப அனுமதி கொடுத்துவிட்டு அதன் வாசலில் எச்சரிக்கை விளக்கு வைப்பது எவ்வகையிலும் ஈடாகாது.

வால்பாறையில் இருள் கவிகிறது. தேயிலைச் சரிவில் ஒரு கூட்டம் கன்றுகளோடு இறங்குகிறது. யாரோ ஒருவர் அழைக்க, மேட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. வேலை முடிந்து திரும்புவோர் கடை வாசலிலேயே நின்று, பேருந்து வரட்டும் எனக் காத்திருக்கின்றனர். விடிந்து கூட்டம் அடுத்த சோலைக்குச் சென்றபின், மற்றோர் அழைப்பு விளக்கை அணைக்கிறது.