நண்பரின் எண்கள் உங்களுக்கு உதவுமா?



கணிப்பொறியின் கட்டளைப்படி மரத்தையும் அலுமினியத்தையும் செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்தை இன்று வீட்டிலேயே செய்துவிடலாம். மோட்டாரும் திருகுதண்டும் கடையில் கிடைக்கும். இயக்கும் மென்பொருளுக்கோ விலையே இல்லை. லினக்ஸ் சி.என்.சி. என்ற மென்பொருள், அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனம் ஒன்று 1990களில் உருவாக்கிப் பொதுவுடைமையாக விட்டுவிட்ட நிரலிலிருந்து வளர்ந்ததாகும். ஒன்பது அச்சுகள் வரை அதனால் ஆள முடியும்.

ஆனால் உங்கள் இயந்திரம் எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரியாதல்லவா? அதை ஓர் அமைப்புக் கோப்பில் நீங்கள்தான் எழுதித் தரவேண்டும். பலர் நண்பரின் கோப்பை அப்படியே நகலெடுத்துவிடுகிறார்கள். இது கூடாது என்பது என் கருத்து.

சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளில் முடிக்கும். அதன் மின்சுற்று ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் சுற்றுக்கு 1600 துடிப்புகள். திருகு ஒரு சுற்றில் நகரும் தூரத்தால் இதை வகுத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு வேண்டிய துடிப்புகள் கிடைக்கும். மலிவாகக் கிடைக்கும் 8 மி.மீ. தண்டில் அடுத்தடுத்த புரிகளின் இடைவெளி 2 மி.மீ. பள்ளியில் திருகு அளவியைக் கையாண்ட பழக்கத்தில் 800 என்று எழுதத் தோன்றும். திருகு அளவியில் ஒரே புரிதான் சுற்றிச் செல்கிறது. இந்தத் தண்டிலோ பெரும்பாலும் நான்கு புரிகள் சேர்ந்து செல்கின்றன. ஆகவே ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும், சரியான விடை 200. தவறாக 800 என்று எழுதினால், 10 மி.மீ. கேட்ட இடத்தில் 40 மி.மீ. ஓடி வெட்டுமுனை சட்டத்தில் மோதும். ஒற்றைப் புரித் தண்டும் விற்பனையில் உண்டு. நண்பர் எதை வாங்கினாரோ! தண்டைப் பத்துச் சுற்று சுற்றி, நகர்ந்த தூரத்தை அளந்து பாருங்கள்.

சுழலும் அச்சுக்கு மில்லிமீட்டருக்குப் பதில் பாகை. ஆறுக்கு ஒன்று என்ற பற்சக்கர அமைப்பில் 1600 × 6 ÷ 360 = 26.666... என முடிவின்றி நீளும். 26.7 என்று சுருக்கினால் பத்துச் சுற்றில் நாலரைப் பாகை பிழை சேர்ந்துவிடும்.

முடுக்கத்துக்கும் இதே கதைதான். நண்பரின் மேசை 2 கிலோ, உங்களுடையது 4 கிலோ என்றால், அதே முடுக்கத்துக்கு இருமடங்கு விசை வேண்டும். மோட்டாரின் திருப்புவிசையோ வேகம் கூடக்கூடக் குறையும். திணறும் மோட்டார் படிகளைத் தவறவிடும். இருக்கும் இடத்தைத் திரும்பச் சொல்லும் கருவி அதில் இல்லாததால், எல்லாம் சரியாக நடப்பதாகவே எண்ணி மென்பொருள் தொடர்ந்து வெட்டும்.

நகலெடுத்தால் நேரம் மிச்சம் என்பீர்கள். ஒரே வகை மின்பலகை என்றால், எந்தக் கம்பி எங்கே என்ற வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. மற்ற எண்களை அளந்தே எழுதுங்கள். முடுக்கத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். முதல் ஓட்டத்தின்போது வெட்டுமுனையைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டார்களின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் சுவிட்சைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.