வங்கிக்குக் காப்பீடு உண்டு, வீடு வாங்கியவருக்கு?

மைசூருவின் வெளிவட்டச் சாலையோரம் இன்னும் எழும்பாத வீடுகள் விற்பனைக்கு வருகின்றன. ஓய்வூதியப் பலனையும் நகையையும் தந்து, மீதிக்குக் கடன் வாங்கி ஒப்பந்தம் போடுகிறார்கள் தொழிலாளர்களும் நடுத்தர ஊழியர்களும். கடன் தரும் வங்கி, வாங்குபவரின் உயிருக்குக் காப்பீடு எடுக்கச் சொல்லி நெருக்குகிறது. அவர் இறந்துவிட்டால் வங்கியின் பணம் பத்திரம். கட்டுமான நிறுவனம் வேலையைப் பாதியில் போட்டுவிட்டால் அவருடைய பணத்துக்கு எந்தக் காப்பீடும் இல்லை. வாடகையும் மாதத் தவணையும் சேர்ந்தே கழுத்தை நெரிக்கும்.

சட்டம் இதை அறியாததல்ல. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரேரா, 16ஆவது பிரிவில் நில உரிமைக்கும் கட்டுமானத்துக்கும் காப்பீடு பற்றிப் பேசுகிறது. பிரீமியத்தை நிறுவனமே கட்ட வேண்டும். விற்பனை ஒப்பந்தம் போட்டதும் பலன் வாங்குபவருக்கு மாற வேண்டும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் "அரசு அறிவிக்கும் காப்பீடுகள்" என்று ஒரு சொற்றொடரை அதில் வைத்துவிட்டார்கள். எப்போது அறிவிப்பது என்பதற்குக் காலக்கெடு இல்லை. முதலாளிகளுக்கு அந்தச் சந்து போதும்.

இன்னொன்றையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். கட்டுமானக் காப்பீடு என்று சந்தையில் விற்கப்படுவது தீ, வெள்ளம், இடிபாடு ஆகியவற்றுக்கானது. நிறுவனம் திவாலானாலோ பணத்தை வேறு திட்டத்துக்குத் திருப்பினாலோ அது பைசா தராது. தேவைப்படுவது, வேலை நின்றால் கட்டி முடிக்கும் செலவை ஏற்கும் நிறைவுக் காப்பீடு. 16ஆவது பிரிவு இரண்டு வகைகளைப் பெயர் சொல்லிவிட்டு, அவற்றோடு நிற்கவில்லை. வேறு காப்பீடுகளையும் அரசு அறிவிக்கலாம் என்கிறது. நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. கர்நாடக அரசின் ஓர் அறிவிக்கை போதும்.

வசூலான பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே என்பார்கள். கணக்கைக் கண்காணிக்காத இடத்தில் அது காகிதப் பூட்டு. வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர ரேரா ஆணையிட்டாலும், அதை வருவாய் நிலுவையாக வசூலிக்க வேண்டிய துணை ஆணையர் அலுவலகங்களில் கர்நாடகத்தின் பெரும்பகுதித் தொகை வசூலாகாமலே கிடக்கிறது. நொய்டாவின் ஆம்ரபாலி வழக்கில் வீடு வாங்கியோரின் பணம் திசைதிருப்பப்பட்டதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2019 ஜூலையில் நிறுவனத்தின் பதிவை ரத்துசெய்து, பணியை முடிக்கும் பொறுப்பைப் பொதுத்துறையின் என்பிசிசியிடம் ஒப்படைத்தது. அதே நவம்பரில் முடங்கிய திட்டங்களுக்காக 25,000 கோடி ரூபாய் ஸ்வாமி நிதி அறிவிக்கப்பட்டது. அதில் எல்ஐசி, ஸ்டேட் வங்கியின் பணமும் உண்டு. 2025 பட்ஜெட்டில் மேலும் 15,000 கோடி. முதலாளி சுருட்டுவான், பொதுப்பணம் கட்டி முடிக்கும்!

அரசு தன் ஒப்பந்தங்களில் இப்படி ஏமாளியாக நிற்பதில்லை. சாலை போடும் ஒப்பந்ததாரரிடம் வங்கி உத்தரவாதம் கேட்கிறது. 2022 முதல் காப்பீட்டு நிறுவனங்களின் பிணைப் பத்திரத்தையும் ஏற்கிறது. ஒப்பந்ததாரர் ஓடினால் அரசுக்கு இழப்பீடு. வீடு வாங்கும் தொழிலாளிக்கு மட்டும் நீதிமன்றப் படிக்கட்டு.

பிரீமியம் வீட்டு விலையில் ஏறிவிடும் என்று ரியல் எஸ்டேட் முதலாளிகள் புலம்புவார்கள். கட்டிட வேலைக்கு ஒரு விழுக்காடு நலவரி விதிக்கப்பட்டபோதும் இதே புலம்பல்தான். வேலையை முடித்துக் காட்டிய நிறுவனத்துக்குப் பிரீமியம் குறையும். எந்தக் காப்பீட்டாளரும் தொடத் தயங்கும் நிறுவனத்திடம் மக்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

தனியாரை நம்பி இதைத் தொடங்கவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீடு கட்டும் நிறுவனங்களுக்கு இத்தகைய காப்பீடு கட்டாயம். தனியார் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டதால் 2010 ஜூலை முதல் மாநில அரசே அதை நடத்துகிறது. ஆனால் மூன்று மாடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு அங்கே விலக்கு. 2019இல் சிட்னியின் மாஸ்காட் டவர்ஸில் விரிசல் கண்டு குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டபோது அந்த விலக்கின் பொருள் புரிந்தது. இங்கும் அதே விலக்கைத்தான் கேட்பார்கள்.

நம்மிடம் யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா உள்ளிட்ட நான்கு பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றைத் தனியாருக்குத் திறந்துவிட மோடி அரசு 2021இலேயே சட்டம் திருத்தியது. சித்தராமையா அரசு இந்த விஷயத்தில் தில்லியைக் காரணம் காட்ட முடியாது. 16ஆவது பிரிவின் பேனா அதன் கையில்தான் இருக்கிறது. அடுக்குமாடிகளுக்கு விலக்கில்லாத நிறைவுக் காப்பீட்டை அது அறிவிக்கட்டும். வேலை நின்ற நாளில் சம்பளம் கிடைக்காமல் கட்டிடத்தை விட்டு இறங்கும் தொழிலாளர்களின் கூலி பாக்கியும் அந்தக் காப்பீட்டில் முதல் உரிமையாக இடம்பெறட்டும்.