தலை தப்பினால் போதுமா?

"தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்" என்பது நம்மவர் நாவில் நாள்தோறும் புழங்கும் பழமொழி. விபத்தில் அடிபட்டவன் உயிரோடு வீடு திரும்பினால், கோயிலில் நேர்த்திக்கடனைத் தீர்த்து, அத்துடன் துன்பமும் தீர்ந்ததென நாம் அமைதி கொள்கின்றோம். ஆனால், தலை தப்பியதோடு மனிதன் தப்பிவிட்டானா? தலையினுள் இருக்கும் மூளை காயமுற்றிருப்பின், அவனுடைய இன்னல் வைத்தியசாலை வாயிலில் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகின்றது. இவ்வுண்மையை நம் சமுதாயம் இன்னும் உணரவில்லை. உணர்த்துவது கடமையெனக் கருதியே இன்று இதனை எழுதுகின்றோம்.

வடக்கிலும் கிழக்கிலும் மூளைக் காயம் எவ்வழியால் வருகின்றது என்பதை விளக்க வேண்டியதில்லை. கண்டி வீதியில் விரையும் மோட்டார் சைக்கிளால் வருகின்றது. பாளை சீவ ஏறிய பனையிலிருந்து விழுவதால் வருகின்றது. கிணற்றுக் கட்டில் வழுக்கி விழும் முதியோருக்கு வருகின்றது. 2009ஆம் ஆண்டில் முடிந்த போரின் எறிகணைச் சிதறலைத் தலையில் தாங்கியபடி இன்றும் வாழ்வோர் நம்மிடையே உளர். காலிழந்தவனைக் கண்டால் ஊர் இரங்குகின்றது. கண்ணிழந்தவனுக்கு வழி விடுகின்றது. மூளை காயமுற்றவனுக்கோ கையும் காலும் கண்ணும் குறைவின்றி இருக்கும். குறை ஞாபகத்திலும், பேச்சிலும், பொறுமையிலும், திட்டமிடும் ஆற்றலிலும் இருக்கும். அதனால் ஊர் அவனைச் சோம்பேறி என்கின்றது, குடிகாரன் என்கின்றது, பேய் பிடித்தவன் என்கின்றது. தலையில் பட்ட அடியிலும் இச்சொற்களின் அடி கொடியது.

அமெரிக்க நாட்டில் 1848ஆம் ஆண்டு ஃபீனியஸ் கேஜ் என்னும் இருபத்தைந்து வயது இரயில்பாதை மேற்பார்வையாளனின் கன்னத்தின் வழியே புகுந்த இரும்புக் கோலொன்று, மூளையின் முன்பகுதியைத் துளைத்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவன் பிழைத்தான், நடந்தான், பேசினான். ஆனால் அடக்கமும் பொறுப்பும் மிக்கவனாக இருந்தவன் முன்கோபியும் சஞ்சல மனத்தினனுமாக மாறினான் என்றும், "அவன் பழைய கேஜ் அல்லன்" என நண்பர்கள் கூறினர் என்றும் டாக்டர் ஹார்லோ எழுதிவைத்தார். இக்கதையைப் பலர் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுவர். நாம் நிறுத்தோம். அதே கேஜ் பின்னர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தான். ஒழுங்கான அன்றாட வேலை காயமுற்ற மூளைக்கு ஊன்றுகோலாகும் என்பதற்கு அவன் வாழ்வு சான்றாக விளங்குகின்றது. காயமுற்றவன் முடிந்துபோனவன் அல்லன்.

முதலாவது கடமை, முதல் மணித்தியாலங்களுக்குரியது. தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று "எனக்கு ஒன்றுமில்லை" என்று கூறினாலும் நம்பி விடலாகாது. மண்டையோட்டின் உள்ளே மெல்ல இரத்தம் கசிந்து, சில மணித்தியாலங்களின் பின்னர் மயக்கம் வருதல் உண்டு. மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் சோர்வு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதிக்கலாகாது. 2018ஆம் ஆண்டு முதல் வடமாகாணத்திலும் 1990 என்னும் இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவை நடைபெறுகின்றது. விழுந்தவரை இருவர் தோளில் தூக்கி முச்சக்கரவண்டியில் மடித்து ஏற்றாமல், கழுத்தை அசையவிடாது அச்சேவையை அழைப்பதே அறிவுடைமை. தலைக்கவசம் தலைக்காய ஆபத்தை ஏறத்தாழ 69 சதவீதம் குறைக்கும் என்பது ஆய்வு கண்ட உண்மை. அதனைக் கைப்பிடியில் தொங்கவிட்டுச் செல்லும் இளைஞரைத் தடுக்கப் பொலிசார்தான் வரவேண்டுமா? பெற்றோர் இல்லையா?

இரண்டாவது கடமை சட்டத்தைப் பற்றியது. சட்டத் தொழிலில் நாம் கண்ட ஒன்றைக் கூறுகின்றோம். வயலும் வளவும் உடைய கமக்காரர் ஒருவர் விபத்தில் மூளை காயமுற்றார். காலையில் உண்டதை மாலையில் மறந்துவிடும் நிலை. ஆனால் கையெழுத்து மட்டும் முன்போலவே அழகாக இருந்தது. நெருங்கிய உறவினர் ஒருவர் அவரை நொத்தாரிசு முன் அழைத்துச் சென்றார், இரு சாட்சிகள் நின்றனர், வயல் கைமாறியது. மனைவி நம்மிடம் வந்தபோது பல மாதங்கள் கடந்திருந்தன. தான் செய்வதன் பொருளை விளங்காதவன் எழுதிய உறுதி செல்லாது என்பது சட்டம். ஆனால் விளங்காத நிலையை ஆண்டுகள் கழித்து மன்றில் நிரூபிப்பது எளிதன்று. ஆதலால் வைத்திய அறிக்கைகளை முதல் நாளிலிருந்தே பேணி வையுங்கள். தேவை நேரின், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ், சொத்தை நிருவகிக்க ஒருவரை நியமிக்குமாறு மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். ஆயினும் அது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும். ஞாபகம் குன்றியவர் அனைவரையும் பைத்தியம் எனப் பட்டம் சூட்டி உரிமை பறிப்பது வேறோர் அநீதியாகும்.

பிறர் கவலையீனத்தால் விளைந்த காயத்துக்கு நட்டஈடு கோரும் வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டுமென 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. சித்த சுவாதீனமற்றோர்க்கு அது சில சலுகை தரினும், அதனை நம்பிக் காலங்கடத்துதல் ஆகாது. வலுவிழந்தோரை வேலையிலும் கல்வியிலும் பாரபட்சமாக நடத்தலாகாது என 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. வலுவிழந்தோர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஏட்டில் உள்ள இவ்வுரிமைகள் வீட்டுக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை? இங்கேதான் மொழி குறுக்கிடுகின்றது. பேச்சிழந்தவனுக்குப் பேச்சை மீட்டுத் தருவது அவனுடைய தாய்மொழியிலேயே நடக்கக்கூடிய காரியம். "அம்மா" என்று சொல்லப் பழகவேண்டியவனை வேற்றுமொழி ஆசிரியரிடம் அனுப்புவதால் பயனென்ன? ஞாபகத்தை அளக்கும் கேள்வி நோயாளிக்கு விளங்காத மொழியில் கேட்கப்படின், அளக்கப்படுவது ஞாபகமா, மொழியறிவா? வடக்குக் கிழக்கில் தமிழே நிருவாக மொழியென 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வகுத்தது. ஆகவே, மாவட்டந்தோறும் தமிழில் பேச்சுப் பயிற்சியும் தொழிற் பயிற்சியும், வைத்தியசாலையிலிருந்து வீடு செல்வோர் கையில் அபாய அறிகுறிகளைத் தமிழில் எழுதிய தாளும் கேட்பது பிச்சையன்று, உரிமை.

ஆனால் அரசினர் தரும்வரை நாம் கைகட்டி இருக்கலாகாது. சனசமூக நிலையங்கள் மாதம் ஒருமுறை இக்குடும்பங்களை ஒன்றுகூட்டலாம். ஒருத்தியின் சுமையை மற்றொருத்தி அறிதலே பாதி மருந்து. சட்டத்தரணிகள் ஆண்டுக்கு ஒரு வழக்கையேனும் கட்டணமின்றி ஏற்கலாம். ஆசிரியர்கள், விபத்தின்பின் வகுப்பில் பின்தங்கும் மாணவனைப் பிரம்பால் அல்லாமல் பொறுமையால் நடத்தலாம். கமக்காரர்கள், காயமுற்ற அயலவனின் வயலை ஒரு போகமேனும் விதைத்துக் கொடுத்து, பின் அவனையும் வரம்பில் இறக்கி, ஒரு நேரத்தில் ஒரு வேலையாகப் பழக்கலாம். படித்தவர்கள், மாதாந்தக் கொடுப்பனவுக்கான படிவத்தை நிரப்பிப் பிரதேச செயலகம்வரை உடன் செல்லலாம். இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டாம்.

உரிமை கேட்கும் இனம், தன்னுள் வலியிழந்தோரின் உரிமையைத் தானே மதித்துக் காட்டல் வேண்டும். தன் பெயரையே தடுமாறிச் சொல்லும் மனிதனுக்காக நாம் பேசாவிடின், வேறு யார் பேசுவார்? அவன் தலை தப்பியது தம்பிரான் புண்ணியமாகலாம். அவன் வாழ்வு தப்புவது நம் பொறுப்பு.