கன்று விற்கக் கட்டட வரைபடமா?

வடகீழ்ப் பருவமழை எந்தக் கந்தோரின் கையொப்பத்துக்கும் காத்திருப்பதில்லை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள காலத்திலேயே பெய்து தீர்கின்றது. மரம் நடுவோர் அதற்குள் நட்டாக வேண்டும். கன்று விற்போர் அதற்குள் விற்றாக வேண்டும். தை கழிந்து வாங்கிய ஒட்டு மாங்கன்றுக்குச் சித்திரை வெயிலில் வாளியால் நீர் சுமந்தவர் மறு ஆண்டு கன்று வாங்க வருவதில்லை. இதனை எந்தக் கமக்காரருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம்முடைய உள்ளூராட்சி மன்றங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கின்றது.

தெருவோரமாக அமைந்த தம் சொந்தக் காணியில் ஒரு மாத காலத்துக்குக் கன்றுகளை அடுக்கி விற்க விரும்பிய கமக்காரர் ஒருவரின் மனுவை நாம் காண நேர்ந்தது. காணி இரண்டு பரப்பு. சுவர் இல்லை, அத்திவாரம் இல்லை. நான்கு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்த நிழற்பந்தல் மாத்திரமே. ஆவணி மாதத்தில் மனுக் கொடுத்தார். சபையின் பெயரைக் கூறுவது நம் நோக்கமன்று. உறுதி கேட்டார்கள்; நில அளவைப் படம் கேட்டார்கள்; அயலவரின் சம்மதக் கடிதமும், வீதிக்குப் பொறுப்பான திணைக்களத்தின் கடிதமும் கேட்டார்கள்; இவை எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கிடுகுப் பந்தலுக்குக் கட்டட வரைபடமும் கேட்டார்கள். நிரப்பக் கொடுத்த படிவமோ ஆங்கிலத்தில் இருந்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி என்பது 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரையில் எழுதப்பட்டுள்ளது. அப்படியிருக்க, தமிழ்ச் சபையில் தமிழ் இலிகிதர் ஒருவர் தமிழ்க் கமக்காரரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டுவதற்குக் கொழும்பைக் குறை கூற முடியுமா? அனுமதி வந்தது, தைப்பொங்கலுக்குப் பின். அதற்குள் கன்றுகள் பையைத் துளைத்து நிலத்தில் வேர் விட்டிருந்தன.

சட்டம் உண்மையில் கேட்பது யாது? 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்திப் பிரதேசமெனப் பிரகடனஞ் செய்யப்பட்ட இடங்களில் அனுமதிப்பத்திரமின்றி அபிவிருத்தி நடவடிக்கை எதிலும் ஈடுபடலாகாது. நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதும் அதில் அடங்கும். ஆனால் அதே சட்டத்தின் வரைவிலக்கணம், கமத்தொழிலுக்கும் தோட்டச் செய்கைக்கும் நிலத்தைப் பயன்படுத்துவதை விலக்கி வைத்திருக்கின்றது. ஆகவே கன்றை வளர்ப்பதற்கு அனுமதி வேண்டியதில்லை. வளர்த்த கன்றை அந்த நிலத்திலேயே விற்பது வளர்ப்பின் தொடர்ச்சியா, வியாபாரமா? இரு பக்கமும் வாதாட இடமுண்டு. கட்டணம் எப்பக்கமிருந்து வருகின்றதோ அப்பக்கம் நின்று வாதாட எம் தொழிலில் ஆளும் உண்டு. வேறிடத்தில் வளர்த்துக் கொணர்ந்து விற்றால் அது வியாபாரமே என்பதை ஒளிக்காது கூறிவிடுகின்றோம். நம் கேள்வி வேறு. ஐந்து கிழமையில் தடமின்றி மறையும் விற்பனையை, ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் மாடிக் கடைக்குரிய தராசில் வைத்து நிறுப்பது எவ்வாறு நியாயமாகும்?

தற்காலிக அனுமதி என்பது நம் சபைகள் அறியாத ஒன்றன்று. நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாட்களுக்கும் யாழ்ப்பாண மாநகர சபை ஆலயச் சுற்றாடலில் இடம் வகுத்துக் கடைகளுக்கு வாடகைக்கு விடுகின்றது. 2010 இல் தொடங்கிய வர்த்தகக் கண்காட்சிக்கென நகரில் மூன்று நாளைக்குக் கொட்டகைகள் எழுந்து அகல்கின்றன. ஐஸ்கிறீமுக்கும் பிளாஸ்திக் பொம்மைக்கும் விரைந்து ஓடும் பேனா, தேசிக்கன்றுக்கு மட்டும் ஏன் மையின்றி நிற்கின்றது?

2013 இல் தெரிவாகி 2018 வரை இயங்கிய வட மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது, நல்ல காரியம். 1990 இல் இடம்பெயர்ந்து, 2015 இன் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளுக்குத் திரும்பியோரில் எத்தனை பேர் வளவில் ஒரு மாமரமுமின்றி வெறும் பற்றையைக் கண்டு திகைத்தனர்! தென்னை, பலா, மாதுளை, முருங்கை எல்லாவற்றையும் அவர்கள் முதலிலிருந்தே நட வேண்டியவர்கள். விழா மேடையருகே ஒரு கன்றை நட்டுப் படம் பிடித்துக்கொள்ளும் பிரமுகர்கள், ஆயிரம் கன்றோடு தெருவோரம் காத்து நிற்பவரையும் சற்றே திரும்பிப் பார்க்கலாகாதா?

மறுப்போரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கண்டி வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் வாகனங்கள் ஓரத்தில் திடீரென நின்றால் உயிராபத்து. ஆகவே வீதியின் ஒதுக்கில் ஒரு பையேனும் வைக்க அனுமதியாதீர். காணிக்குள்ளே வண்டி நிறுத்த இடம் கேளுங்கள். ஆண்டு முழுவதும் சந்தையில் வாடகை கட்டுவோர் முணுமுணுப்பதும் இயல்பே. நாட்கணக்கில் கட்டணம் விதியுங்கள். கன்றின் தரத்தைப் பார்க்க 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைகள் சட்டமும், நோய் பரவாது காக்க 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன; அது விவசாயத் திணைக்களத்தின் வேலை. நோயுற்ற தோடங்கன்றை விற்பவருக்காக நாம் வாதாட வரவில்லை.

நீதிமன்றம் செல்லலாமே என்பர். செல்லலாம். உள்ளூராட்சி மன்றம் கடமை தவறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கோர 13 ஆவது திருத்தம் வழி வைத்திருக்கின்றது. வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் கன்று காய்த்திருக்கும்.

காணி உரிமையும் அதிகாரப் பகிர்வும் பேசவேண்டிய பத்திரிகையில் கன்று வியாபாரம் எதற்கு என்று நம் நண்பர் சிலர் கேட்கக்கூடும். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்தபின் ஈராண்டுக்கு மேலாகச் செயலாளர்களே அவற்றை நடத்தினர். கேட்க மக்கள் பிரதிநிதி இல்லை என்றோம். 2025 மே 6 ஆம் திகதி மக்கள் வாக்களித்துத் தந்தனர். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் துணை விதி ஆக்கும் அதிகாரத்தையும் சந்தை நடத்தும் அதிகாரத்தையும் அவர்கள் கையில் வைத்திருக்கின்றது. கையிலுள்ள சிற்றதிகாரத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு பேரதிகாரம் கேட்போமாயின், தெற்கே உள்ளோர் நம்மை நோக்கி என்ன சொல்வர்?

வேண்டுவது பெரிதன்று. தமிழில் ஒரு பக்கப் படிவம். காணியின் கைவரைபடம் ஒன்று. 14 நாட்களுக்குள் ஆம் அல்லது இல்லை என்ற பதில், இல்லையாயின் எழுத்தில் காரணம். துணை விதியாக்கி வர்த்தமானியில் வெளிவரக் காலம் எடுக்கும். அதுவரை சபைக்குச் சொந்தமான சந்தை வெளிகளில் ஐப்பசி, கார்த்திகை இரு மாதமும் கன்று விற்போருக்கு இடம் ஒதுக்க ஒரு தீர்மானமே போதும். புரட்டாதிக்கு முன் வரும் மாதாந்தக் கூட்டம் ஒன்றில் உறுப்பினர் எவரேனும் இதைப் பிரேரிக்க முன்வரட்டும். வாசகத்தை எழுதித் தர எம் தொழிலினர் சிலர் கட்டணமின்றி ஆயத்தமாக இருக்கின்றனர்.