ஹலால் சின்னத்தைப் பார்த்த பிறகு பெக்கட்டில் வேறென்ன பார்க்கிறோம்?

சென்ற தவணையில் தரம் 8 மாணவர்களுக்கு ஒரு சிறிய வேலை கொடுத்தேன். இடைவேளையில் எதைச் சாப்பிட்டாலும் அதன் வெற்றுப் பெக்கட்டை எறிந்துவிடாமல் விஞ்ஞானப் பாடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கால் மணி நேரத்தில் மேசை நிறைந்துவிட்டது. பிஸ்கட், பொரித்த மாவுச் சுருள்கள், டொபி, மில்க் பெக்கட், மஞ்சளும் சிவப்புமாய் பானப் போத்தல்கள். பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்துக்களை வாசிக்கச் சொன்னபோது முதலில் கையுயர்த்திய மாணவன் கேட்டான்: "சேர், இதுல ஈ 471 எண்டு போட்டிருக்கு. இது ஹராமா?"

பதின்மூன்று வயதில் அந்த இலக்கத்தை அவன் தெரிந்து வைத்திருப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. எமது வீடுகளில் வட்ஸ்அப் வழியாக வருடக்கணக்காகச் சுற்றிவரும் ஈ இலக்கப் பட்டியல்கள் பிள்ளைகளின் கைகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவனுடைய கேள்வியும் நியாயமானதே. ஈ 471 என்பது கொழுப்பிலிருந்து தயாரிக்கப்படும் ஒரு பால்மமாக்கி. எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் சேர்த்து வைக்கும் பொருள். அந்தக் கொழுப்பு பாம் எண்ணெயிலிருந்தும் வரலாம், மிருகத்திலிருந்தும் வரலாம். இதைக் கண்டறியத்தான் ஹலால் சான்றிதழ் இருக்கிறது. 2013இல் அந்தச் சான்றிதழுக்கு எதிராக இந்நாட்டில் கிளம்பிய புயலை நாம் மறந்துவிடவில்லை. அவ்வளவு விலை கொடுத்துக் காப்பாற்றிய ஒன்றைப் பிள்ளைகள் பெக்கட்டில் தேடுவது நல்லதுதான்.

ஆனால் சின்னம் இருக்கிறது என்று தெரிந்தவுடன் அவன் பெக்கட்டை மேசையில் வைத்துவிட்டான். நாங்களும் அதைத்தான் செய்கிறோம். உணவு பற்றிப் பேசும்போது ஹலால் என்ற சொல்லோடு தய்யிப், அதாவது நல்லது, தூய்மையானது என்ற சொல்லும் சேர்ந்து வருவதைக் குத்பாக்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். முதலாவது சொல்லுக்கு ஒரு சின்னம் கிடைத்துவிட்டது. இரண்டாவதைத் தேட எமக்கு இன்னும் பழக்கமில்லை. இத்தனைக்கும் ஹலாலுக்காக நாம் மனப்பாடம் செய்துவைத்துள்ள அதே பால்மமாக்கிகளைப் பற்றித்தான் குடல் ஆய்வாளர்கள் கடந்த பத்து வருடங்களாகக் கேள்வி கேட்டு வருகிறார்கள்.

பெருங்குடலின் உட்சுவரில் ஒரு சளிப்படலம் இருக்கிறது. அதற்கு மேலே கோடானுகோடி பக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் கீரை, பருப்பு, தவிடு நீக்காத அரிசி ஆகியவற்றின் நார்ப்பொருளை அவை நொதிக்கச் செய்து, குடல் கலங்களுக்கு எரிபொருளாகும் அமிலங்களைத் தருகின்றன. படலம் தடிப்பாக இருக்கும்வரை அவை அவற்றின் இடத்தில் இருக்கும், குடற்சுவர் அதன் இடத்தில் இருக்கும். படலம் மெலிந்தால் பக்டீரியா சுவரை நெருங்கும், உடல் அதனோடு சண்டைக்குப் போகும், அழற்சி உண்டாகும்.

2015இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கார்பொக்சிமெத்தில் செலுலோஸ் (ஈ 466), பொலிசோபேட் 80 (ஈ 433) ஆகிய இரண்டு பால்மமாக்கிகளை நீரில் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது பக்டீரியா குடற்சுவரை நெருங்கியது, மெல்லிய அழற்சி தோன்றியது, எலிகள் பருத்தன. எலிதானே என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பின்னர் மனிதரிலும் ஒரு சிறு பரிசோதனை நடந்தது. ஆரோக்கியமான 16 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து ஒரே உணவைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் நாளொன்றுக்கு 15 கிராம் ஈ 466 சேர்க்கப்பட்டது. 11 நாட்களில் அவர்களது குடல் பக்டீரியாவின் பல்வகைமை குறைந்தது, நன்மை தரும் அமிலங்கள் குறைந்தன. இருவரில் பக்டீரியா சளிப்படலத்துக்குள் ஊடுருவியிருந்தது. ஐஸ்கிரீமிலும் சோஸிலும் நாம் சாதாரணமாக உண்பதை விட 15 கிராம் மிக அதிகம், பங்குபற்றியோர் மிகச் சிலர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈ 471ஐப் பொறுத்தவரை, பிரான்ஸில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வொன்று, அதை அதிகம் உட்கொண்டவர்களிடம் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்பட்டதாக 2024இல் கூறியது. இது தொடர்பு மட்டுமே. ஈ 471தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை.

இந்த இடத்தில் நிதானம் தேவை. ஈ இலக்கம் என்றாலே விஷம் அல்ல. ஈ 300 என்பது விற்றமின் சி. ஈ 330 தேசிக்காயில் இருக்கும் சிற்றிக் அமிலம். அஜினோமோட்டோவைக் கண்டு எமது உம்மாமார் பயப்படும் அளவுக்கு அதற்கெதிரான ஆதாரம் கிடையாது. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் நாம் பயப்படுவதும் இல்லை. பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாவது பிரிவில் சேர்த்துவிட்டது. நாளாந்தம் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை 18 சதவீதத்தால் உயர்த்துவதாகக் கணித்தது. ஹலால் சின்னம் பதித்த சொசேஜஸுக்கும் இது பொருந்தும். எமது வைபவங்களில் காலைச் சாப்பாட்டு மேசையில் அது இல்லாத மேசை இப்போது குறைவு.

ஆசிரியன் என்ற வகையில் என்னை அதிகம் தொடுவது நிறமூட்டிகள். 2007இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு, சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோவேட்டும் கலந்த பானம் கொடுத்த பிள்ளைகளில் துடுக்குத்தனம் கூடுவதாகக் கண்டது. அதன் விளைவாக டார்ட்ராசின் (ஈ 102), சன்செட் யெல்லோ (ஈ 110) உட்பட ஆறு நிறங்களில் ஏதாவதொன்று உணவில் இருந்தால், பிள்ளைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் அது பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை 2010 முதல் ஐரோப்பாவில் அச்சிட வேண்டும். அந்த ஆறில் ஒன்றான அலூரா ரெட் (ஈ 129) எலிகளின் குடலில் அழற்சியைத் தூண்டியதாகக் கனடாவில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2022இல் கூறியது. வெண்மை தரும் டைட்டேனியம் டையொக்சைட்டை (ஈ 171) ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவிலிருந்து தடைசெய்தது. ஈ 127 எனப்படும் சிவப்பு நிறத்துக்கான அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் நீக்கியது. என் மேசையில் குவிந்த பெக்கட்டுகளில் 102ஐயும் 110ஐயும் மாணவர்கள் எளிதாகக் கண்டுபிடித்தார்கள். எச்சரிக்கை எதையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எமது நாடு எதுவும் செய்யவில்லை என்பதல்ல இதன் பொருள். 2016 ஓகஸ்ட் முதல் மென்பானங்களில் சீனிக்கான நிறக்குறியீடு கட்டாயம். 100 மில்லிலீட்டருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. நல்ல சட்டம். ஆனால் அந்த வட்டம் சீனியை மட்டுமே பேசுகிறது. சீனியைக் குறைத்து அந்த இடத்தில் செயற்கை இனிப்பூட்டியைச் சேர்த்தால் சிவப்பு செம்மஞ்சளாகிவிடும். உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாதம் பரிந்துரைத்திருக்கிறது. பச்சை வட்டத்தைப் பார்த்து மகளுக்குப் போத்தலை வாங்கிக் கொடுக்கும் வாப்பாவுக்கு இதை யார் சொல்வது? சேர்மானப் பட்டியலை அவரே வாசிக்கட்டும் என்றால், அது பெரும்பாலும் கண்ணுக்கெட்டாத ஆங்கில எழுத்தில் இருக்கிறது. விளம்பரம் மட்டும் அழகான தமிழில் இருக்கிறது.

பெக்கட்டில் எழுதியிருப்பதையாவது வாசிக்கலாம். எழுதப்படாமல் வயிற்றுக்குள் போவதை என்ன செய்வது? சுடுசோற்றை லன்ச் ஷீட்டில் கட்டும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். பொலித்தீன் லன்ச் ஷீட் 2017 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு 2023 ஒக்டோபரில் தடைப்பட்டியலில் சேர்ந்தது. எங்கள் ஊர்க் கடையில் நேற்றும் சோறு மெல்லிய ஷீட்டில்தான் வந்தது. அது மக்கக்கூடியது என்கிறார் கடைக்காரர். அவரிடம் மொத்தமாக விற்றவர் அப்படிச் சொன்னாராம். வியன்னாவில் செய்யப்பட்ட ஒரு சிறு ஆய்வில் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த 8 பேரின் மலத்தைப் பரிசோதித்தபோது எட்டிலும் நுண்பிளாஸ்டிக் இருந்தது. அது குடலுக்கு எவ்வளவு கேடு என்பதில் விஞ்ஞானம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் எமது மேற்குக் கரையோரத்தில் கொட்டிய பிறகு, இது ஐரோப்பாவின் பிரச்சினை என்று சொல்ல எமக்கு வாய் வராது.

கற்பிட்டியில் நிலைமை வேறு. மணற்பாங்கான அந்த நிலத்தில் மரக்கறிக்கும் வெங்காயத்துக்கும் போடும் உரம் நேராக நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற நைத்திரேற்று வரம்பைத் தாண்டிய கிணறுகள் அங்கு உண்டென்பது பல வருடங்களாகப் பதிவாகிவரும் விடயம். வயிற்றுக்குள் நைத்திரேற்றின் ஒரு பகுதி நைத்திரைற்றாக மாறுகிறது. கைக்குழந்தைக்கு அந்த நீரில் பால் கரைப்பது ஆபத்து. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கொதித்தால் நீர் வற்றி நைத்திரேற்றின் செறிவு கூடுமே தவிரக் குறையாது. 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் பிடிபட்டபோது நாடே கொதித்தது. அது பிரதானமாக ஈரலைத் தாக்கும் நஞ்சு. ஓரிரு மாதங்களில் பேச்சு அடங்கிவிட்டது. பூஞ்சணம் பிடித்த செத்தல் மிளகாயையும் கச்சானையும் குறைந்த விலைக்கு வாங்குவது மட்டும் நின்றுவிடவில்லை.

விலை என்று சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அன்று குறைந்த கீரைக்கட்டும் மீனும் பல வீடுகளுக்கு முழுமையாகத் திரும்பி வரவில்லை. அந்த இடத்தைப் பிடித்தது நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பெக்கட்தான். தாய்மாருக்குப் புத்தி சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. காலை ஆறு மணிக்கு மூன்று பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் பெண்ணுக்கு அந்தப் பெக்கட் என்ன உதவி செய்கிறது என்பது எனக்குத் தெரியும், என் வீட்டிலும் அதுதான் நடக்கிறது.

ஆகவே கேள்வியை வீட்டு வாசலில் மட்டும் வைக்க முடியாது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் இருக்கிறது. அது அதிபர் அலுவலகத்தின் கோவையில் பத்திரமாகவும் இருக்கும். ஆனால் கென்டீன் கேள்விப்பத்திரம் அதிக தொகை கேட்டவருக்குப் போகிறது. அந்தத் தொகையை அவர் அவித்த கடலையில் எடுக்க முடியாது, ரோல்ஸிலும் நிறப் பானத்திலும்தான் எடுக்க முடியும். அந்தப் பணத்தில் நாம் மின்விசிறி வாங்குகிறோம், பரிசளிப்பு விழா நடத்துகிறோம். பிள்ளையின் வயிற்றிலிருந்து பாடசாலைக்கு வரும் வருமானம் இது என்று ஒருமுறை கூட்டத்தில் சொன்னேன். எவரும் மறுக்கவில்லை, அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

இவ்வருடக் கேள்விப்பத்திரத்தில் தொகைக்கு முன்னால் உணவுப் பட்டியலைக் கேட்க வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்திலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் உள்ள சிலர் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நோன்பில் ஊருக்கே கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசலுக்கு, வாரத்தில் இரண்டு நாள் முந்நூறு பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சுவது பெரிய காரியமல்ல என்றார் அவர்களில் ஒருவர். அந்த மாணவனிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கஞ்சிக்கு லேபல் இருக்காதே சேர், அதுல என்ன போட்டிருக்காங்க எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான். காய்ச்சும் இடத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.