எட்டு நாள் பயணம், இரண்டு கிரெடிட்: உயர்கல்வி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: துணைத் தலைவர், உறுப்பினர்கள்,
தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம், சென்னை – 600 005.

மதிப்பிற்குரியீர்,

வெளிநாட்டுக் குறுகிய காலப் பண்பாட்டுப் பயணங்களுக்குக் கிரெடிட் வழங்க மன்றம் ஒரு பொது விதி வகுக்க வேண்டும். அதன்படி முதல் குழு அரசு கலைக் கல்லூரிகளிலிருந்து புறப்பட வேண்டும். போகும் இடம் இலங்கையாக இருக்க வேண்டும். இதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

திருவாரூரில் தமிழோ வரலாறோ படிக்கும் மாணவி ஒருவர், சோழர்கள் ஈழத்தை வென்ற செய்தியைத் தேர்வுக்காக நாலு வரியில் படித்திருப்பார். பொலன்னறுவையின் தளதா மளுவ வளாகத்தில் நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. 12ஆம் நூற்றாண்டுக் கல் அது. தொடக்கம் வடமொழி, பிறகு தமிழ். புத்தரின் புனிதப் பல் இருந்த ஆலயத்தைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று வேளைக்காரப் படையினர் உறுதி சொல்லிப் பொறித்தது. அந்த ஆலயத்துக்குத் தங்கள் பெயரையே சேர்த்து ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று பெயரும் வைத்தார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈசுவரம். தஞ்சைப் பக்கத்துச் சின்னக் கற்றளி ஒன்றை அப்படியே பெயர்த்து வைத்தாற்போல இருக்கும். படையெடுத்து வந்தவர்களின் கோயிலையும், பல்லாலயத்துக்குக் காவல் நின்றவர்களின் கல்லையும் ஒரே காலைப்பொழுதில் பார்க்கிற மாணவிக்கு, தமிழர் ஒரு பக்கம் பௌத்தர் மறுபக்கம் என்று மேடைகளில் கேட்டு வந்த கதை போதாமல் போகும். கேள்விகள் வரும். அந்தக் கேள்விகளுக்குத்தான் நாங்கள் கிரெடிட் கேட்கிறோம்.

கொழும்பு அருங்காட்சியகத்திலும் ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹே 1409இல் எழுதுவித்தது. காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து 1911இல் கண்டெடுக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்தை, பாரசீகப் பகுதி அல்லாவை. மூவருக்கும் ஏறத்தாழ ஒரே காணிக்கைப் பட்டியல். இந்துமாக்கடல் வணிகத்தைப் பற்றி ஒரு பருவம் முழுக்க வகுப்பெடுத்தாலும் இந்த ஒரு கல் தருகிற தெளிவு வருமா என்பது சந்தேகம்தான்.

“எட்டு நாளில் என்ன படித்துவிடப் போகிறார்கள்?” என்று உங்கள் கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்வி. நம் கல்லூரிகளில் ‘ஐ.வி.’ என்கிற தொழிற்சாலைப் பயணம் எப்படி நடக்கிறது என்பது ஊரறிந்தது. தொழிற்சாலை வாசலில் ஒரு மணி நேரம், பேனர் பிடித்து ஒரு குரூப் போட்டோ, மிச்ச இரண்டு நாள் கொடைக்கானல். திரும்பி வந்ததும் போன வருட ரெக்கார்டைப் பார்த்து எழுதிய அறிக்கை. இதையே விமானத்தில் ஏற்றி அனுப்பினால் கல்வியாகிவிடாது. ஆகவே போய் வந்ததற்காக ஒரு கிரெடிட்கூடக் கொடுக்காதீர்கள். செய்த வேலைக்குக் கொடுங்கள்.

கணக்கு கடினமானதல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, களப்பணியில் ஒரு கிரெடிட் என்பது ஒரு பருவத்தில் 30 மணி நேர வேலை. இரண்டு கிரெடிட்டுக்கு 60 மணி. புறப்படுமுன் கல்வெட்டு வாசிப்பும் இலங்கை வரலாறும் 16 மணி; எட்டு நாளும் தினம் நான்கு மணி நேரம் களத்தில்; வந்தபின் எழுதவும் வாய்மொழித் தேர்வுக்கும் 12 மணி. பேருந்தில் போன நேரமும் கடைவீதியில் சுற்றிய நேரமும் இதில் சேராது. களக்குறிப்பேட்டை அன்றன்று இரவே ஆசிரியர் வாங்கிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ரெக்கார்டு காப்பியடிக்கும் பழக்கத்துக்கு இதைவிட எளிய மருந்து எங்களுக்குத் தெரியவில்லை. மதிப்பெண்ணில் பாதியையாவது இலங்கையில் உள்ள பேராசிரியர் போடட்டும்.

ஐரோப்பாவில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம், 2021 முதல் 5 நாளிலிருந்து 30 நாள் வரையிலான குறும்பயணங்களையும் ஏற்கிறது. பயணத்தோடு இணையவழிப் படிப்பும் கட்டாயம். அப்போதுதான் குறைந்தது 3 ஐரோப்பியக் கிரெடிட். வசதி குறைந்த மாணவருக்குக் கூடுதல் உதவித்தொகையும் தருகிறார்கள்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே கவனியுங்கள். இலங்கைத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். நம்முடைய இரண்டு கிரெடிட் அங்கே ஒன்றைத்தான் கொஞ்சம் தாண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடோ பேராதனையோடோ உடன்படிக்கை போடும்போது, கிரெடிட் எண்ணிக்கையோடு மணிக்கணக்கையும் எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலிலும் அச்சிடுங்கள். இல்லாவிட்டால் முதல் குழு திரும்பி வந்த மறுநாளே தேர்வுத் துறையில் கோப்பு நின்றுவிடும்.

அடுத்தது பணம். இதில்தான் எங்களுக்குக் கவலை அதிகம். தனியார் பல்கலைக்கழகங்கள் சில, ஒன்றிரண்டு வார வெளிநாட்டுப் பயணத்தைக் கிரெடிட்டோடு ஏற்கெனவே நடத்துகின்றன. கட்டணம் கட்ட முடிந்தவர் போகிறார். பொது விதியும் அப்படியே அமைந்தால், இளநிலைப் பட்டத்துக்கான 140 கிரெடிட்டில் இரண்டைக் காசு கொடுத்து வாங்கலாம் என்றாகிவிடும். அரசுக் கல்லூரியில் படிக்கும் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கடவுச்சீட்டுக்குக் கட்டும் 1,500 ரூபாயே முதல் தடை. அதிலிருந்து கப்பல் கட்டணம், தங்குமிடம்வரை முழுச் செலவும் அரசுடையதாக இருக்கட்டும். போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளை 2022இல் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப் போன அரசு இது. கல்லூரிப் பிள்ளைக்கு மனம் வராதா? பயண ஏற்பாட்டைச் சான்றிதழோடு சேர்த்து விற்கும் ஏஜென்சிகளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பேசப்படாத இன்னொன்று உண்டு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். வகுப்புத் தோழர்கள் யாழ்ப்பாணம் போகும்போது, பெற்றோரின் ஊரை ஒருமுறையும் பார்த்திராத அவர்கள் பெயர் கொடுக்க முடியாமல் பின் பெஞ்சில் இருப்பார்கள். அவர்கள் கடவுச்சீட்டு எடுத்துப் போய்த் திரும்புவது எளிதான காரியமல்ல. அதற்கு வழி செய்ய ஒன்றிய, மாநில அரசுகளிடம் மன்றம் எழுத்துமூலம் கோர வேண்டும். வழி பிறக்கும்வரை, அதே இரண்டு கிரெடிட்டை நாகப்பட்டினத்திலும் இராமேசுவரத்திலும் களப்பணி செய்து பெறும் மாற்றுத் தாள் கட்டாயம் இருக்க வேண்டும். உடல்நலமோ குடும்பச் சூழலோ இடம் தராத எவருக்கும் அது பயன்படும்.

இலங்கையிலிருந்தும் மாணவர்கள் இங்கே வர வேண்டும். யாழ்ப்பாணத்து மாணவர் தஞ்சையிலும் கீழடியிலும் வேலை செய்து தம் பல்கலைக்கழகத்தில் கிரெடிட் பெறட்டும். நம் மாணவர் வீடுகளில் தங்கி, நம்மைப் பற்றியும் கேள்வி கேட்கட்டும். எத்தனை பேரை அனுப்புகிறோமோ அத்தனை பேரை வரவேற்கும் செலவையும் நிதிக் கோரிக்கையில் சேருங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் மீண்டும் கப்பல் விடப்பட்டது. பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். வடகிழக்குப் பருவமழையில் கப்பல் நின்றுவிடும் என்பதால், பயணத்தைப் பருவத் தேர்வுக்கு முந்தைய பிப்ரவரி, மார்ச்சில் வைக்கலாம். அதற்குப் பாடத்திட்டக் குழுக்களின் ஒப்புதல் ஜூனுக்குள் கிடைக்க வேண்டும். மன்றத்தின் வரைவு விதி ஏப்ரலிலேயே கல்லூரிகளுக்குப் போயாக வேண்டும். முதல் குழுவைத் திருவாரூர், இராமநாதபுரம் அரசு கலைக் கல்லூரிகளிலிருந்து எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர் குழு