பந்தைக் கேட்டு வாங்குவோம்



"பிள்ளையள் விளையாடுற வயசில நாங்கள் விளையாடுறதோ?" மாதர் சங்கக் கூட்டங்களில் வலைப்பந்தாட்டம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் எழும் கேள்வி இதுதான். நான் பணிபுரியும் வன்னிக் கிராமம் ஒன்றில் பதினொரு பெண்கள் ஒரு வருடமாக மாலை வேளைகளில் வலைப்பந்து பழகி வருகிறார்கள். பெரும்பாலானோர் முப்பது வயதைக் கடந்தவர்கள். பாடசாலைக் காலம் இடப்பெயர்விலும் பதுங்குகுழியிலும் கழிந்ததால் மைதானத்தில் ஓடிப் பழகாதவர்கள்.

வயதை நினைத்துத் தயங்குவோருக்கு ஒரு தகவல். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2018 இலும் 2022 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர். 2022 இல் அவர் 40 வயதைத் தாண்டியிருந்தார். அவருடைய 2.08 மீற்றர் உயரம் எங்களுக்கு இல்லைத்தான். ஆனால் பழகினால் வரக்கூடிய திறமைகள் பல உண்டு.

வலைப்பந்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. மூன்று செக்கனுக்குள் மற்றவருக்கு எறிந்துவிட வேண்டும். மறிப்பவர் 0.9 மீற்றர் தள்ளித்தான் நிற்கலாம், இடிக்கவோ பிடித்து இழுக்கவோ கூடாது. ஆகவே உடற்பலத்தைவிடக் கண்ணும் காலும்தான் இங்கு முக்கியம்.

முதலில் பிடிப்பதைப் பழகுங்கள். புதியவர்கள் பந்து வரும்போது கண்ணை மூடி முகத்தைத் திருப்பிவிடுவார்கள். இருவர் மூன்று அடி இடைவெளியில் நின்று மெதுவாக எறியுங்கள். கைகளை முன்னால் நீட்டி, விரல்களை விரித்துப் பிடித்து, பந்தை நெஞ்சுக்கு இழுங்கள். தொடர்ந்து பத்துத் தடவை தவறாமல் பிடித்தால் ஓர் அடி பின்னால் செல்லுங்கள். எங்கள் குழுவில் விசில் சத்தத்துக்கே திடுக்கிடும் சகோதரி ஒருவர் இருக்கிறார். பயிற்றுவிப்பவர் முதலில் கையை உயர்த்திக் காட்டிய பின்னரே விசில் ஊதுவதென்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். இன்றும் அப்படித்தான். அதனால் ஆட்டத்தில் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

அடுத்தது நிலத்தில் கால் ஊன்றும் முறை. ஓடிவந்து பந்தைப் பிடித்துத் திடீரென நிற்கும்போதுதான் முழங்கால் பழுதாகிறது. இரண்டு கால்களையும் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை மடித்து ஊன்றுங்கள். முதல் வாரம் பந்து இல்லாமலே இதைச் செய்து பாருங்கள். செருப்புடன் ஆட வேண்டாம், வார் அறுந்தால் கணுக்கால் சுளுக்கும். உடலில் செல் துண்டு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்ட பின்னரே தொடங்குங்கள். பழகாத தசைநார்கள் இரண்டொரு நாள் நோவது வழமை. மூட்டு வீங்கினாலோ குத்தி வலித்தாலோ உடனே நிறுத்துங்கள்.

வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பின்னால் பலகை இல்லை. எனவே பந்து மேலெழுந்து வளையத்துக்குள் இறங்க வேண்டும். முழங்காலை மடித்து நிமிரும் விசையோடு எறிந்து, கடைசியில் மணிக்கட்டை மடியுங்கள். வளையத்துக்கு ஒரு மீற்றர் தள்ளி நின்று நாளொன்றுக்கு இருபது தடவை எறிந்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமாக இருந்தது சத்தம் போடுவதுதான். பந்து வேண்டுமென்றால் வெற்றிடத்துக்கு ஓடி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எங்கள் பெண்கள் நல்ல இடத்தில் நிற்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். சோதனைச் சாவடியிலும் முகாமிலும் பேசாமல் நின்றே பழகியவர்கள். கணவனை இழந்த பின் உரத்துப் பேசினால் ஊர் கதைக்கும் என்று அடங்கியவர்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒருவரையொருவர் "சுதன்ரை அம்மா", "கடைக்கார அக்கா" என்றே அழைத்து வந்ததால் சிலருக்குச் சொந்தப் பெயர்களே தெரியவில்லை. மூன்று செக்கனில் "சுதன்ரை அம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்விடும்! அதனால் ஒரு மாலை முழுவதும் வட்டமாக நின்று, பெயரைக் கூப்பிட்டுப் பந்தெறியும் பயிற்சி மட்டுமே செய்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. தங்கள் அம்மாமாரின் பெயரைச் சத்தமாக அன்றுதான் பலர் கேட்டார்கள்.

உங்கள் ஊரிலும் தொடங்கலாம். பாடசாலை மைதானத்துக்கு அதிபரிடம் அனுமதி கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தரைச் சங்கத்தின் மூலம் சந்தித்து, பந்துக்கும் பயிற்சிக்கும் உதவி கேளுங்கள். கிழமைக்கு இரண்டு நாள், ஒரு மணித்தியாலம் போதும். சிறு பிள்ளைகளைப் பார்க்க முறைவைத்து ஒருவர் வெளியே இருங்கள். ஏழு பேர் சேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பந்தும் இன்னொரு சகோதரியும் இருந்தால் முதல் பயிற்சியை இன்றே செய்யலாம்.